நகரும் நாமும்

நாட்டின் ஆட்சியை நாம் நாளிதழில் காண்கிறோம். நகரின் ஆட்சியையோ காலையில் குழாயைத் திறக்கும்பொழுது காண்கிறோம். குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகிய யாவும் மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பவை. உடல் நலமாக இருக்கும் வரையில் சிறுநீரகத்தை எவரும் நினைப்பதில்லை அன்றோ? மாநகராட்சியின் நிலையும் அத்தகையதே. வேலை நடக்கும் வரையில் அதனை மறந்திருக்கிறோம், நின்றுவிட்டால் கூக்குரலிடுகிறோம்.

அந்தக் கூக்குரலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்று உண்டு. பணம் போதாது, ஆள் போதாது, சட்டத்தில் இடமில்லை என்பதே அது. இவ்விடை எவ்வளவு தூரம் உண்மை? பழைய சட்டத்தையும் பழைய ஊழியர்களையும் வைத்துக்கொண்டே திருந்திக் காட்டிய ஓர் ஊரை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அவ்வூர் குஜராத்தில் தபதி நதிக்கரையில் உள்ள சூரத்.

முதலில் மாநகராட்சியின் அமைப்பை அறிந்துகொள்வது நல்லது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கூடிய மன்றம் கொள்கையையும் வரவு செலவுத் திட்டத்தையும் முடிவு செய்கிறது. அதனுள் அமைந்த நிலைக்குழு பெருஞ் செலவுகளுக்கு ஒப்புதல் தருகிறது. மாநில அரசு அமர்த்தும் ஆணையர் அவற்றைச் செயல்படுத்துகிறார். சூரத்துக்கு இவ்வமைப்பைத் தந்தது 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மாகாண மாநகராட்சிகள் சட்டம். பின்னர் 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. ஆகவே 1994-இல் சூரத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை.

பணமும் இல்லாமல் இல்லை. செயற்கைப்பட்டு நெசவும் வைரம் பட்டைதீட்டலும் பெருகிய ஊர் அது. நகருக்குள் வரும் சரக்குகள் மீது வாங்கிய ஆக்டிராய் என்னும் நுழைவுத் தீர்வையே அந்நாளில் அதன் முக்கிய வருவாய். இத்தீர்வை 2007-இல் குஜராத்தில் நீக்கப்பட்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரிசாவிலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்து குடிசையில் தங்கிய தறித் தொழிலாளி, கடையில் ஒரு படி அரிசி வாங்கும்பொழுதே அவ்வரியின் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறான். ஆயினும் அவன் குடிசைப் பக்கம் குழாயும் இல்லை, கழிவறையும் இல்லை. "வெளியூர்க்காரன்தானே!" என்று நகரம் அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1994-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் நின்றது. குப்பையும் செத்த விலங்குகளும் அள்ளப்படாமல் கிடந்தன. செப்டம்பர் மாதம், தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த வேட் சாலைப் பகுதியில் நுரையீரல் பிளேக் தலைகாட்டியது. மூச்சின் வழியே பரவும் நோய் அது. சில நாட்களில் லட்சக்கணக்கான மக்கள் ஊரைவிட்டு ஓடினர்; தறிகள் நின்றன; வெளிநாடுகள் இந்திய விமானங்களைத் தடுத்தன. டெட்ராசைக்ளின் மருந்தால் நோய் விரைவில் அடங்கிற்று. நாடு முழுவதிலும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குடிசைக்காரனைக் கணக்கில் சேர்க்காத நகரம், மாளிகைக்காரனையும் காக்க முடியாமற் போயிற்று.

1995 மே மாதத்தில் எஸ். ஆர். ராவ் ஆணையராகப் பொறுப்பேற்றார். அவர் புதுச் சட்டம் கேட்கவில்லை. வேலை நடக்கும் முறையை மாற்றினார். நகரை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியைத் தலைவராக்கி, தம் அதிகாரத்தின் ஒரு பகுதியை அவரிடம் ஒப்படைத்தார். உடைந்த சாக்கடை மூடிக்காகக் கோப்பு தலைமை அலுவலகம் வரை போய்த் திரும்ப வேண்டிய நிலை நீங்கிற்று. காலையில் அதிகாரிகள் அனைவரும் தெருவில் இருக்க வேண்டும். பின்னர் கூடி, கண்டதையும் செய்ததையும் சொல்ல வேண்டும். இதற்கு 'ஏ.சி.யிலிருந்து டி.சி.க்கு' என்று பெயர். மின்னியல் பயிலும் நண்பர்கள் மாறுமின்னோட்டம், நேர்மின்னோட்டம் என்று எண்ணிவிட வேண்டாம்! குளிரூட்டிய அறையிலிருந்து அன்றாட வேலைக்கு என்பதே பொருள்.

போக்குவரத்து அடங்கிய இரவு வேளையில் சாலைகளைச் சுரண்டிப் பெருக்கும் வழக்கம் வந்தது. குடிசைப் பகுதிகளில் நீரும் கழிவறையும் தளம் போட்ட சந்துகளும் வந்தன. குப்பை கொட்டியவருக்கும் துப்புரவற்ற உணவு விடுதிக்கும் அபராதம் விழுந்தது. ஆக்கிரமிப்பை அகற்றியபொழுது செல்வாக்குள்ளவர்களின் கட்டடங்களிலேயே கைவைத்தார்கள். அதனால்தான் மற்றவர்கள் நம்பினார்கள். இடிபாட்டில் எளியவர் சிலரும் இழப்புற்றிருப்பர் என்பதை நாம் மறக்கலாகாது.

என் சிற்றப்பா அந்நாளில் சூரத்தில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கெழுதி வந்தார். பிளேக் நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். அடுத்த ஆண்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுவரைக்கும் அதிகாரின்னா நாம போய்ப் பார்க்கிற ஆளுடா. அப்பத்தான் அவங்க நம்ம சந்துக்கு வந்து நம்மைப் பார்த்தாங்க" என்பார்.

வேதியியல் மாணவனாகிய எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, நகரம் தன் நோயைத் தானே எண்ணத் தொடங்கியதுதான். மருத்துவமனைகளிலிருந்தும் தனியார் மருத்துவர்களிடமிருந்தும் எப்பகுதியில் எத்தனை பேருக்கு எந்நோய் என்ற கணக்கை நாள்தோறும் திரட்டினார்கள். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நம் நகரங்கள் பலவற்றில் குடிநீர் நாளில் சில மணி நேரமே வருகிறது. நீர் நின்றதும் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. அப்பொழுது அருகில் உள்ள சாக்கடை நீர் விரிசல் வழியாக உள்ளே கசியலாம். இதைச் சமாளிக்கவே குளோரின் சேர்க்கிறார்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நீரில் டி.பி.டி. என்னும் பொருளைச் சேர்த்தால், குளோரின் இருக்குமாயின் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறம் தோன்றாத தெருவும் வயிற்றுப்போக்குக் கூடிய தெருவும் ஒன்றாக இருந்தால், பூமிக்குள் எங்கே தோண்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அன்றே தோண்டும் அதிகாரம் மண்டல அதிகாரியிடம் இருந்தால் நோய் அத்தெருவோடு நிற்கும். எண்ணாவிட்டால் இடம் தெரியாது. அதிகாரம் இல்லாவிட்டால் இடம் தெரிந்தும் பயனில்லை.

இரண்டாண்டு முடிவதற்குள், இன்டாக் நிறுவனம் சூரத்தைச் சண்டிகருக்கு அடுத்த தூய நகரமாகக் குறித்தது. ராவ் மாற்றலாகிச் சென்றார்; முறை நிலைத்தது. 2006-இல் பெருவெள்ளம் வந்தபொழுது நகரத்திடம் நோய்க்கணக்கெடுக்கும் பழக்கம் இருந்தது. 2014 முதல் கழிவுநீரைத் தூய்மை செய்து சாய ஆலைகளுக்கு விற்கத் தொடங்கினர். 2023-ஆம் ஆண்டின் தேசியத் தூய்மைக் கணிப்பில் சூரத் இந்தூருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. ஒரு மனிதர் தொடங்கியதைப் பலர் கால் நூற்றாண்டுக்கு மேலாக நாள்தோறும் செய்து வந்ததன் பயன் இது. அவர்களுள் பெரும்பாலோர் துடைப்பமும் கூடையும் ஏந்தியவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நண்பர்களே, நாமும் இங்கே வெளியூர்க்காரர்கள்தாம். "நம் ஊரா இது? இரண்டாண்டில் போய்விடுவோம்" என்று பேசாதவர் நம்மில் குறைவு. ஆனால் நாம் தரும் வாடகையில் சொத்துவரியின் பங்கு இருக்கிறது. நாம் குடிப்பது இந்த நகரின் நீர். நமக்கு வரும் காய்ச்சல் இந்த நகரின் காய்ச்சல். விடுதியில் வாழும் மாணவரும் இங்கேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளத் தேர்தல் விதிகள் இடந் தருகின்றன. நம் வார்டின் எண் என்ன, அதன் அலுவலகம் எங்கே இருக்கிறது, புகாரை யாரிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும் என்ற மூன்றையேனும் தெரிந்துகொள்வோம். வெளியூர்க்காரனை எண்ணாத நகரம் என்ன பாடுபட்டது என்பதைக் கண்டோம். நம்மையும் எண்ணுங்கள் என்று சொல்லும் பொறுப்பு நம்முடையது.