சாக்கடை நீரில் கலந்துள்ள சுரப்பிப் பகைப்பொருள்களை நீக்கும் முறைகள்

நகரங்களின் சாக்கடை நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உண்டென்பதை நிலமுடையோர் நன்கறிவர். அந்நீரில் கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாத வேறு சில பொருள்களும் கலந்துள்ளன. பிராணிகளின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் நடத்தும் சுரப்பிநீர்களின் வேலையை இவை குலைக்கின்றன. மனிதரும் கால்நடைகளும் கழிக்கும் பெண்மைச் சுரப்பிநீர், கருத்தடை மாத்திரையிலுள்ள எதினைல் எஸ்ட்ராடயால், சலவைப் பொருள்களினின்று உண்டாகும் நோனைல்பினால் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

தீமை

இங்கிலாந்தில் 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில், சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் சேரும் ஆறுகளில் ஆண் மீன்களின் விந்துறுப்பில் முட்டைகள் காணப்பட்டன. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து ஏரியொன்றில் 2001 முதல் 2003 வரை எதினைல் எஸ்ட்ராடயால் சேர்த்துப் பரிசோதித்தனர். அளவு, லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் 5 அல்லது 6 பங்கே. அவ்வேரியின் சிறுமீன் இனமொன்று ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

சாதாரண முறையின் பலன்

காற்றூட்டும் தொட்டிகளில் நுண்ணுயிர்கள் கழிவை உண்டு வாழ்கின்றன. அவ்வுயிர்கள் அடங்கிய வண்டலைப் பத்து நாளுக்கு மேல் தொட்டியிலேயே நிறுத்திவைப்பின், மெதுவாக வளரும் இனங்களும் பெருகி, இயற்கைச் சுரப்பிநீரைப் பெரும்பாலும் சிதைத்துவிடும். எதினைல் எஸ்ட்ராடயால் அவ்வளவு எளிதிற் சிதைவதில்லை. நோனைல்பினால் வண்டலில் ஒட்டிக்கொள்கிறது. காற்றில்லாத செரிப்புத் தொட்டியில் அது அழியாமல் தேங்குகிறது.

மேற்கொண்டு செய்வன

எஞ்சியவற்றை நீக்க இரு வழிகளுண்டு. முதலாவது, தெளிந்த நீரில் ஓசோன் வாயுவைச் செலுத்திப் பின் மணலில் வடிப்பது. நீரில் புரோமைடு மிகுந்திருப்பின் இம்முறை ஆகாது. புரோமேட் என்னும் நஞ்சு உண்டாகும். இரண்டாவது, கிளர்வூட்டிய கரித்தூளில் அப்பொருள்களை ஒட்டச்செய்து, கரியைப் பிரித்து எரிப்பது.

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் டூபென்டார்ஃப் ஊரின் நிலையம் 2014-ல் ஓசோன் முறையைக் கைக்கொண்டது. 2016 முதல் அத்தேசத்துச் சட்டம், தேர்ந்தெடுத்த நிலையங்கள் நுண்மாசுகளில் நூற்றுக்கு 80 பங்கை நீக்க வேண்டுமென விதிக்கிறது. செலவுக்காகத் தலைக்கு ஆண்டொன்றுக்கு 9 பிராங்கு வரை வசூலிக்கின்றனர். சீர்திருத்திய நிலையங்களுக்கு இவ்வரி இல்லை.

கவனிக்கத்தக்கவை

1. சாக்கடை நீரை மீன் வளர்க்கும் ஏரி, குளங்களில் நேராக விடலாகாது. காற்றோட்டமுள்ள மண்ணில் இயற்கைச் சுரப்பிநீர் விரைவிற் சிதையும். நீர்நிலையிலோ மீன்களை உடனே பாதிக்கும்.

2. செரிப்புத் தொட்டி வண்டலை ஈரமாகவே வயலிலிடாது, வைக்கோலோ சருகோ கலந்து குவித்து, அடிக்கடி புரட்டி மக்கவைத்தல் நலம். காற்றுப்பட நோனைல்பினால் குறையும். ஆலைக்கழிவு கலந்த வண்டலின் உலோகங்கள் இவ்வாறு நீங்கா, அதை விலக்குக.

3. ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கத் திட்டம் வருங்கால், வண்டல் எத்தனை நாள் தொட்டியில் நிற்குமென்பதைக் கிராம அலுவலர்கள் கேட்டறிதல் வேண்டும். தொட்டி கட்டிய பின்னர் அதனைப் பெரிதாக்குவது பெருஞ்செலவாகும்.