பாட்டுக்கு உரியவர் யார்?

நிலத்திற்கு வேலி கோலலாம். நெல்லைக் குதிரில் இட்டுப் பூட்டலாம். பாட்டை எங்ஙனம் பூட்டுவது? புலவன் வாயினின்று புறப்பட்டதும் அது கேட்பவர் நெஞ்சிலெல்லாம் குடிபுகுந்துவிடுகிறது. ஆயினும் அதனை ஆக்க ஒருவன் உழைத்திருக்கிறான். அவனுக்கும் வயிறு உண்டு. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே பிறந்ததே பதிப்புரிமை.

ஏட்டுச் சுவடிக் காலத்தில் இவ்வழக்கு எழவில்லை. ஒரு பெருநூலைப் படியெடுக்கப் பல திங்கள் எழுத்தாணி பிடித்தல் வேண்டும். படியெடுத்தவன் நூலுக்கு உயிர் ஈந்தவனாகவே மதிக்கப்பட்டான். புரவலர் தந்த பரிசிலே புலவர்க்கு ஊதியம். ஆனால் தம் பெயரை அவர்கள் மறந்தாரில்லை. திருஞானசம்பந்தர் பதிகத்தின் இறுதிப் பாடலில் தம் பெயரைப் பொறித்து வைத்தமை காண்க. அச்சுப்பொறி வந்தபின் ஆயிரம் படிகள் எளிதிற் பெருகின. எவர் அச்சிடலாம் என்னும் வினாவும் உடன் எழுந்தது. இங்கிலாந்தில் 1710-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் அவ்வுரிமையை நூலாசிரியனுக்கு அளித்தது.

தமிழகத்தில் இவ்வுரிமை பற்றிய பெரிய வழக்கு பாரதியார் பாடல்களால் எழுந்தது. தம் நூல்களை நாற்பது பகுதிகளாக அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் பரப்ப வேண்டும் என்று 1920-இல் அவர் விழைந்தார். முதல் கிடைக்கவில்லை. 1921-இல் அவர் மறைந்தபோது குடும்பத்துக்கு எஞ்சிய செல்வம் அவர் எழுதிய தாள்களே. அவற்றின் பதிப்புரிமை பின்னர் அவர் தம்பி விசுவநாதரைச் சேர்ந்தது.

இசைத்தட்டும் திரைப்படமும் வந்தபின் உரிமையும் கிளைவிட்டது. அச்சிடும் உரிமை ஒருவரிடமும், ஒலிப்பதிவு செய்யும் உரிமை மற்றொருவரிடமும் இருந்தன. பின்னதை விலைகொடுத்துப் பெற்ற ஏ.வி. மெய்யப்பர், 1947-இல் வெளியிட்ட 'நாம் இருவர்' என்னும் படத்தில் பாரதியார் பாடல்களை ஒலிக்கச் செய்தார். சட்டப்படி அவர் உரிமையிற் பழுதில்லை. எனினும், நாட்டு விடுதலையைப் பாடிய பாட்டைப் பிறிதொருவர் படத்திலோ இசைத்தட்டிலோ பாட ஒருவரது இசைவை வேண்டி நிற்பதா என்று மக்கள் வினவினர். நாடகக் கலைஞர் தி.க. சண்முகம், எழுத்தாளர் நாரண. துரைக்கண்ணன் முதலியோர் முன்னின்று உழைத்தனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் இயங்கிய சென்னை மாகாண அரசு 1949-இல் அவ்வுரிமைகளை ஏற்றது. மெய்யப்பர் தம் உரிமையை விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். பாரதியார் குடும்பத்தார்க்கு அரசு பொருள் அளித்தது. அதன்பின் புலவர் பலருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அவர்தம் மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்கப்படுகிறது.

மற்றை நூல்கட்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே காவல். அதன்படி இந்நாளில் நூலுரிமை ஆசிரியர் வாழ்நாளிலும், அவர் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுகளும் நிலைக்கும். நூலை வாங்கியவர்க்கு உரியது தாளும் கட்டும் மட்டுமே. நண்பர் விடுத்த கடிதமும் இத்தகையதே: தாள் பெற்றவர்க்கு உரியது, அச்சிடும் உரிமையோ எழுதியவர்க்கு உரியது.

இணையம் வந்தபின் படியெடுத்தல் இமைப்பொழுதின் செயலாயிற்று. இதனால் விளைந்த நன்மை பெரிது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றினர். ஆனால் நேற்று வெளிவந்த நூலையும் செல்பேசியிற் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவோர் உளர். பல்லாண்டு உழைத்து அகராதி தொகுத்தவர் அதனால் அடையும் இழப்பை அவர்கள் எண்ணுவதில்லை. விலையின்றிக் கொடுத்தோம் என்று பெருமையும் கொள்கின்றனர்!

பொருளிழப்பினும் கொடிது பெயரிழப்பு. நூலுக்குத் தம் பெயரைக் கோருதலும், தம் பெயர்க்கு இழுக்காகச் சொல்லைத் திரித்தலைத் தடுத்தலும் உரிமையை விற்றபின்னும் ஆசிரியரை விட்டு நீங்கா என அச்சட்டம் கூறும். இன்றோ பாரதியார் எழுதாத வரிகள் அவர் படத்தோடு உலவுகின்றன. எழுதியவை எழுத்துப் பிழையோடு உலவுகின்றன. ஐயுறுவோர்க்குத் துணையாகச் சீனி. விசுவநாதன் (இவர் பாரதியார் தம்பியல்லர்) தொகுத்த காலவரிசைப் பதிப்பு உள்ளது. பழைய இதழ்களைத் தேடிப் பல்லாண்டு உழைத்து அவர் அதனை உருவாக்கினார். அதிலுள்ள பாடல்கள் நாட்டுக்குப் பொது. அவர் எழுதிய குறிப்புகளோ அவர் உழைப்பின் உடைமை.