அரை வாழ்நாள் கணக்குகள்: வேதிவினை வேகவியலும் கதிரியக்கச் சிதைவும்

அரை வாழ்நாள் என்பது ஒரு பொருளின் அளவு, தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலமாகும். ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இச்சொல்லை இரண்டு இடங்களில் சந்திக்கிறார்கள். ஒன்று வேதியியலில் வேதிவினை வேகவியல் பாடம்; மற்றொன்று இயற்பியலில் அணுக்கரு இயற்பியல் பாடம். ஆசிரியர்களும் குறியீடுகளும் வேறு வேறு என்பதால், பலர் இவற்றை இரண்டு வாய்பாட்டுத் தொகுப்புகளாக மனப்பாடம் செய்கின்றனர். உண்மையில் முதல் வகை வினைக்கும் கதிரியக்கச் சிதைவுக்கும் சமன்பாடு ஒன்றே.

வரலாற்றில் வேதியியலே முந்தியது. 1850இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானிய அறிஞர், அமிலக் கரைசலில் கரும்புச் சர்க்கரை நீராற்பகுப்பு அடையும் வேகத்தை, முனைவுற்ற ஒளியின் தளம் சுழலும் கோணத்தைக் கொண்டு அளந்தார். எந்த நொடியிலும் வினையின் வேகம் அப்போது எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1902ஆம் ஆண்டளவில், மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டும் வேதியியலாளர் சாடியும் தோரியத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளின் கதிரியக்கம் ஏறத்தாழ 4 நாட்களில் பாதியாகக் குறைவதைக் கண்டனர். அங்கும் அதே விதி: சிதையும் வேகம், எஞ்சியுள்ள அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம்.

இந்த ஒரு வரியிலிருந்தே மற்ற அனைத்தும் வருகின்றன. அரை வாழ்நாள் என்பது 0.693ஐ மாறிலியால் வகுத்தது. அந்த மாறிலியை வேதியியலில் வினைவேக மாறிலி என்றும், இயற்பியலில் சிதைவு மாறிலி என்றும் அழைக்கிறோம். தொடக்க அளவு எதுவாக இருந்தாலும் அரை வாழ்நாள் மாறாது.

மடக்கையைக் குறைத்தல்

இத்தேர்வுகளில் கால்குலேட்டர் அனுமதி இல்லை. ஆகவே 2.303, 0.693 இரண்டையும் எழுதிப் பெருக்கி வகுப்பது வீண் வேலை. எத்தனை அரை வாழ்நாட்கள் கடந்தன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அயோடின்-131இன் அரை வாழ்நாள் ஏறத்தாழ 8 நாட்கள். 32 நாட்கள் என்றால் 4 அரை வாழ்நாட்கள். எஞ்சியது 16இல் 1 பங்கு. வினாவில் 'சிதைந்த பின்னம்' என்று கேட்டிருந்தால் விடை 16இல் 15 பங்கு. இரண்டும் விடைத் தெரிவுகளில் இருக்கும் என்பதை எதிர்பார்க்கலாம்.

முழு எண்ணாக வராதபோது, தொடக்க அளவை எஞ்சிய அளவால் வகுத்து, அதன் மடக்கையை 2இன் மடக்கையால் (0.301) வகுத்தால் அரை வாழ்நாட்களின் எண்ணிக்கை கிடைக்கும். கார்பன்-14இன் அரை வாழ்நாள் 5730 ஆண்டுகள். ஒரு மரத்துண்டில் 40 சதவீதம் எஞ்சியிருந்தால் விகிதம் 2.5. அது 10ஐ 4ஆல் வகுத்தது என்பதால் மடக்கை 1 − 0.602 = 0.398. அதை 0.301ஆல் வகுக்க 1.32, வயது சுமார் 7,570 ஆண்டுகள். கணக்கிடும் முன்பே, 50 சதவீதத்துக்கு 5730, 25 சதவீதத்துக்கு 11,460 ஆண்டுகள் என்று எல்லையைக் குறித்துவிட்டால், பல வினாக்களில் மூன்று தெரிவுகளை அப்போதே நீக்கிவிடலாம்.

ஒரே கணக்கின் இரு வேடங்கள்

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது மொத்த அழுத்தம் தரப்படும் வினாவில். சல்பியூரைல் குளோரைடு வாயு, சல்பர் டை ஆக்சைடாகவும் குளோரினாகவும் முதல் வகை வினையில் சிதைகிறது. தொடக்க அழுத்தம் 400 மில்லிமீட்டர் பாதரசம். 20 நிமிடத்தில் மொத்த அழுத்தம் 600 என்க. 400ஐயும் 600ஐயும் வைத்து விகிதம் எடுப்பது தவறு. 600 என்பதில் விளைபொருள்களின் அழுத்தமும் அடங்கும். ஒரு மூலக்கூறு சிதைந்தால் இரண்டு உருவாவதால், அழுத்தம் 200 கூடியது என்றால் 200 சிதைந்தது; எஞ்சியது 200. பாதி சிதைந்திருப்பதால் அரை வாழ்நாள் 20 நிமிடம். மொத்த அழுத்தம் 750 ஆவது எப்போது? 350 சிதைந்து 50 எஞ்சும்போது. அது 8இல் 1 பங்கு. ஆக 60 நிமிடம்.

இதே கணக்கு இயற்பியல் தாளில் பாறையின் வயதாக வருகிறது. தாய் அணுக்களும் நிலையான சேய் அணுக்களும் 1:7 என்ற விகிதத்தில் உள்ளன. தொடக்கத்தில் சேய் அணு எதுவும் இல்லை. தொடக்கத் தாய் அணுக்கள் 1 + 7 = 8; எஞ்சியது 8இல் 1; கடந்தது 3 அரை வாழ்நாட்கள். 7இல் 1 என்று எடுப்பவர், மொத்த அழுத்த வினாவில் செய்யும் அதே பிழையைத்தான் செய்கிறார். விகிதம் அணுக்களின் எண்ணிக்கையில் தரப்பட்டதா, நிறையில் தரப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். யுரேனியம்-238 இறுதியில் காரீயம்-206 ஆகும்போது, இரண்டு விகிதங்களும் சமமல்ல.

ஒரு பொருள் இரண்டு வழிகளில் குறைந்தால் மாறிலிகளைக் கூட்ட வேண்டும். அரை வாழ்நாட்களைக் கூட்டக் கூடாது. பொட்டாசியம்-40 கால்சியமாகவும் ஆர்கானாகவும் சிதைவது இயற்கையில் உள்ள எடுத்துக்காட்டு. 8 நாள், 24 நாள் எனத் தனித்தனி அரை வாழ்நாட்கள் கொண்ட இரு வழிகள் சேர்ந்தால் விளைவு 6 நாள். பக்க இணைப்பில் உள்ள மின்தடைகளின் கணக்கு இங்கு அப்படியே பொருந்தும்.

ஒப்புமை நிற்கும் இடம்

வேதிவினைக்குக் கிளர்வு ஆற்றல் உண்டு. வெப்பநிலை உயர்ந்தால் அந்த ஆற்றலைத் தாண்டும் மூலக்கூறுகள் பெருகி வினைவேக மாறிலி கூடும். அணுக்கருச் சிதைவில் ஆற்றல் பெரும்பாலும் மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்க, அறை வெப்பநிலையின் பங்கு சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. எனவே சூடாக்கினாலும் அழுத்தினாலும் சிதைவு மாறிலி மாறுவதில்லை. (எலக்ட்ரானைப் பிடித்துச் சிதையும் பெரிலியம்-7இல், அது இருக்கும் சேர்மத்தைப் பொறுத்து மிகச் சிறு மாற்றம் காணப்பட்டுள்ளது, தேர்வுக்கு அது தேவையில்லை.) 27 டிகிரி செல்சியசில் அரை வாழ்நாள் 40 நிமிடம் உள்ள ஒரு வினையின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இருமடங்கானால், 47 டிகிரியில் அரை வாழ்நாள் 10 நிமிடம். அதே எண்களைக் கதிரியக்கத் தனிமத்துக்குக் கொடுத்தால் விடை 40 நிமிடமே.

இன்னொரு கண்ணி வேதியியலுக்கே உரியது. எல்லா வினைகளும் முதல் வகையல்ல. 75 சதவீதம் முடிய ஆகும் காலம், முதல் வகையில் அரை வாழ்நாளின் 2 மடங்கு. பூஜ்ஜிய வகையில் 1.5 மடங்கு, ஒரே வினைபொருள் கொண்ட இரண்டாம் வகையில் 3 மடங்கு. வினாவில் வகை சொல்லப்படாவிட்டால், மாறிலியின் அலகைப் பாருங்கள். அலகில் நேரம் மட்டும் தலைகீழாக இருந்தால் அது முதல் வகை. செறிவும் சேர்ந்து வந்தால், மேலே சொன்ன பாதி பாதியாக எண்ணும் முறையை அங்கு எடுக்கக் கூடாது.