பழைய தீர்ப்பு புதிய தண்டனையைக் கூட்டலாமா?

ஒருவர் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்ட பின்னர், தண்டனை விதிக்கப்படுவதற்கு முன்னர், நீதிமன்றில் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இவருக்கு முன்குற்றம் ஏதும் உள்ளதா?" என்பதே அது. அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து அவர் தண்டப்பணத்துடன் வீடு திரும்பலாம், அல்லது சிறைக்குச் செல்லலாம்.

முன்பு செய்த குற்றத்துக்கு அவர் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துவிட்டார். அப்படியிருக்க, அதே தீர்ப்பை மீண்டும் எடுத்து வைத்து அடுத்த தண்டனையைக் கூட்டுவது நியாயமா? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டு வெளியே வந்தவர்கள் வாழும் எமது சமூகத்தில் இது சட்டக் கல்லூரிக்குள் மட்டும் நிற்கும் கேள்வியல்ல.

கூட்டலாம் என்போரின் வாதம்

ஒருமுறை நீதிமன்று தண்டித்தால் அது எச்சரிக்கையும் ஆகும். எச்சரிக்கையைக் கேட்ட பிறகும் அதே குற்றத்தைச் செய்தவர், அறியாமல் தவறினேன் என்று சொல்ல முடியாது. ஒரே வீதியில் நான்காவது முறையாக வீடு உடைத்தவரையும் முதன்முறை தவறியவரையும் ஒரே தராசில் வைத்தால், களவு கொடுத்தவர்களுக்கு நீதிமன்றின் மீது நம்பிக்கை போய்விடும். மனைவியை மீண்டும் மீண்டும் தாக்கும் ஒருவரின் பழைய தீர்ப்புகளைப் பார்க்க மறுத்தால் அந்தப் பெண்ணின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

கூடாது என்போரின் வாதம்

ஒரு கடனை இருமுறை அறவிட முடியாது என்பது இவர்களின் முதலாவது பதில். இரண்டாவது பதில் நடைமுறை சார்ந்தது. ஊரில் ஒரு களவு நடந்தால் பொலிஸார் முதலில் தேடிப் போவது ஏற்கெனவே பெயர் பதிவானவரைத்தான். அதிகம் கண்காணிக்கப்படுபவர் அதிகம் பிடிபடுகிறார். பிடிபடப் பிடிபடப் பதிவும் நீள்கிறது. ஆகவே நீண்ட பதிவு எப்போதும் நீண்ட குற்ற வாழ்க்கையைக் காட்டுவதில்லை. சில வேளைகளில் அது வறுமையையும் சட்டத்தரணி இல்லாத நிலையையுமே காட்டுகிறது.

இந்த வழியில் எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் உதாரணம். அங்கு 1994இல் வந்த 'மூன்று முறை' சட்டத்தின்படி, பாரதூரமான குற்றங்களுக்காக ஏற்கெனவே இருமுறை தண்டிக்கப்பட்ட ஒருவர் மூன்றாவது தடவை எந்தப் பெருங்குற்றத்தைச் செய்தாலும் குறைந்தது 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை கிடைத்தது. சுமார் 150 டொலர் பெறுமதியான வீடியோ நாடாக்களை இரு தடவைகளில் திருடியவருக்கு 50 ஆண்டு முதல் ஆயுள் வரை. 2003இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இரு தண்டனைகளையும் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நிற்க விட்டது. இறுதியில் 2012இல் அம்மாநில மக்களே வாக்களித்து, பொதுவாக மூன்றாவது குற்றமும் பாரதூரமானதாக அல்லது வன்முறையானதாக இருக்க வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள்.

இங்கிலாந்து இடைவழியில் செல்கிறது. அங்குள்ள 2020ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் முன்குற்றத்தைப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் அது இப்போதைய குற்றத்துடன் எவ்வளவு தொடர்புடையது, நடந்து எவ்வளவு காலமாகிறது என்ற இரண்டையும் கவனத்திற் கொள்ளச் சொல்கிறது.

இலங்கையில் நிலை என்ன?

இங்கு இந்த விடயம் பெரும்பாலும் நீதிபதியின் தற்றுணிபுக்கே விடப்பட்டுள்ளது. 1955ஆம் ஆண்டின் சட்டமா அதிபர் எதிர் எச்.என். டி சில்வா வழக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. குற்றத்தின் பாரதூரத்தை முதலில் பார்க்க வேண்டும், தண்டனையைக் குற்றவாளியின் பக்கத்திலிருந்து மட்டுமன்றி பொதுமக்களின் பக்கத்திலிருந்தும் நோக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பற்றியது. அதை வழங்கலாமா என்று தீர்மானிக்கும்போது குற்றவாளியின் முன்னைய நடத்தையும் பார்க்கப்படும். ஒத்திவைக்கப்பட்ட காலத்துக்குள் சிறைத்தண்டனைக்குரிய இன்னொரு குற்றத்தைச் செய்தால் பழைய தண்டனையும் உயிர்பெறும் ஆபத்து உண்டு. 306ஆம் பிரிவின்படி நிபந்தனையுடன் விடுவிப்பதற்கும் ஒருவரின் கடந்தகாலம் கவனத்திற் கொள்ளப்படுகிறது. இவ்வாறு முன்குற்றம் பல இடங்களில் தண்டனையை நேரடியாகக் கூட்டாவிட்டாலும், சலுகையின் கதவை மூடிவிடுகிறது.

எது முன்குற்றம், எது இல்லை?

எம்மவரிடையே இதில் குழப்பம் அதிகம். கைது செய்யப்பட்டது முன்குற்றம் அல்ல. தடுப்புக்காவல் உத்தரவில் எத்தனை மாதம் இருந்தாலும் அது முன்குற்றம் அல்ல. 2009க்குப் பின்னர் புனர்வாழ்வு முகாம்களில் இருந்துவந்த ஆயிரக்கணக்கானோருக்கும், அந்தக் காரணத்தால் மட்டும், நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை. வழக்கு வாபஸ் பெறப்பட்டாலும் விடுதலைத் தீர்ப்பு வந்தாலும் அப்படியே. இவற்றைச் சுட்டிக்காட்டி ஒருவரைப் பழைய குற்றவாளி என்று நீதிமன்றில் காட்டுவது தவறு.

மறுபக்கம், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியது முன்குற்றமே. "ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடியும்" என்று நீதவான் நீதிமன்ற வாசலில் சொல்லப்படுவதைக் கேட்டுத் தலையாட்டும் பலர் இதை அறிவதில்லை. தண்டனைக் காலம் குறைக்கப்பட்டு வெளியே வந்தவரின் தீர்ப்பும் தீர்ப்பாகவே இருக்கிறது. குறைக்கப்பட்டது தண்டனை மட்டுமே.

ஒப்புதல் வாக்குமூலத்தின் நிழல்

பழைய தீர்ப்பைக் கணக்கில் எடுப்பதற்கு அடிப்படை, அந்தத் தீர்ப்பு நம்பத்தக்கது என்பதே. சாதாரண சட்டத்தில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பாவிக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் ஏற்கப்படும். அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்பதை எதிரியே நிரூபிக்க வேண்டும்.

சிங்கராசா வழக்கில் இதன் விளைவைக் கண்டோம். தமக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைக்கவைக்கப்பட்டதாக அவர் கூறினார். 1995இல் மேல் நீதிமன்றம் விதித்த 50 ஆண்டுச் சிறையை மேன்முறையீட்டு நீதிமன்றம் 35 ஆண்டாகக் குறைத்தது. நிரூபிக்கும் சுமையை எதிரியின் மீது சுமத்தியது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் கூறியது. ஆனால் 2006இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை இங்கு செயற்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நின்றது.

இத்தகைய தீர்ப்பு ஒன்றை இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், ஒரு காணித் தகராறு வழக்கிலோ வீதி விபத்து வழக்கிலோ முன்குற்றமாக எடுத்து வைத்தால், முதல் அநீதி இரண்டாவது தடவையும் தண்டிக்கும். அது அண்மையானதும் அல்ல, புதிய குற்றத்துடன் தொடர்புடையதும் அல்ல, பெறப்பட்ட விதமும் கேள்விக்குரியது.

அளவுகோல் எதுவாக இருக்க வேண்டும்?

முன்குற்றத்தை முற்றாக மறப்பதும் சரியல்ல, அதையே தண்டனையாக்குவதும் சரியல்ல. பழைய குற்றம் புதியதைப் போன்றதா, அண்மையில் நடந்ததா, நம்பத்தக்க சாட்சியத்தின் மீது தீர்க்கப்பட்டதா என்ற மூன்றுக்கும் ஆம் என்றால் அதற்குப் பாரம் கொடுக்கலாம். அப்போதும் இப்போதைய குற்றத்துக்குத் தகுந்த உச்ச அளவைத் தண்டனை தாண்டக்கூடாது. முதன்முறை தவறியவருக்குக் காட்டிய இரக்கம் அடுத்தடுத்த தடவைகளில் குறையலாம். களவின் அளவு மாறாதபோது தண்டனை மட்டும் மலையாக வளரக்கூடாது.

போதைக்கு அடிமையானவர் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. மீண்டும் பாவிப்பது அந்த நோயின் இயல்பு. மூன்றாவது முறை பிடிபட்டவரைக் கூடுதல் காலம் அடைத்து வைப்பதால் நோய் மாறாது. 1999இல் சட்டமாக்கப்பட்ட சமுதாயம்சார் சீர்திருத்த முறை இத்தகையோருக்காகவும் உள்ளது. அதை நீதிமன்றிடம் கேட்க வேண்டும்.

வழக்கை எதிர்கொள்வோர் செய்யக்கூடியவை சில உள்ளன. சட்டத்தரணியுடன் பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். முன்குற்றம் என்று வாசிக்கப்படும் பட்டியலில் பெயர், திகதி, வழக்கு இலக்கம் சரியா என்று பாருங்கள். பிழையிருந்தால் அங்கேயே மறுக்க வேண்டும். பழைய தீர்ப்பு உண்மையானால், அதற்குப் பின் குற்றமின்றி வாழ்ந்த ஆண்டுகளையும், தொழிலையும், குடும்பப் பொறுப்பையும் தண்டனைக்கு முன்னரே நீதிமன்றின் முன் வைக்க வேண்டும். சொல்லப்படாததை நீதிபதியால் கவனத்திற் கொள்ள முடியாது.