இருதயமும் அதன் உழைப்பும்



மாரடைப்பு வந்து வீடு திரும்பிய தகப்பனை வீட்டார் எப்படி நடத்துகிறார்கள் என்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். "நீங்க எழுந்திருக்காதீங்கப்பா" என்று மகள் ஓடி வருவாள். தண்ணீர்ச் செம்பு முதல் செய்தித்தாள் வரை கட்டிலுக்கே வந்து சேரும். அது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு அவருடைய இருதயத்துக்கு நன்மை செய்கிறதா? இருதயம் உழைக்கும்போது அதற்குள் நடப்பது என்ன என்று அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஆக, நிமிடத்துக்கு 5 லிட்டர். எழுந்து வேகமாக நடக்கத் தொடங்கியதும், துடிப்பை நிதானப்படுத்தி வைத்திருக்கும் வேகஸ் நரம்பு முதலில் தன் பிடியைத் தளர்த்துகிறது. பிறகு துரிதப்படுத்தும் நரம்புகளும் அட்ரினலினும் வேலையைத் தொடங்குகின்றன. கெண்டைக்கால் தசைகள் சுருங்கும்போதெல்லாம், அங்குள்ள இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. வந்து சேரும் இரத்தம் கூடக்கூட, இருதயம் நன்றாக விரிந்து, அதிக பலத்தோடு சுருங்குகிறது. கடும் உழைப்பில் ஆரோக்கியமுள்ள ஒரு வாலிபனின் இருதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர் இரத்தத்தை இறைத்துவிடும். விவசாயி மடையை மாற்றிவிடுவது போல, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தத்தில் ஒரு பங்கு உழைக்கும் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது.

சரீரம் முழுவதற்கும் கொடுக்கிற இருதயத்துக்கும் தன் பங்கு வேண்டுமல்லவா? கரோனரி தமனிகள் அதைக் கொண்டுவருகின்றன. ஓய்வு நேரத்திலேயே இருதயத் தசை தனக்கு வரும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஆகையால் உழைப்பு கூடினால் அதற்கு அதிக இரத்தமே வந்தாக வேண்டும். தமனி குறுகியிருந்தால் அது வராது. நடக்கும்போது நெஞ்சு இறுகும், நின்றால் விட்டுவிடும். 18-ம் நூற்றாண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இந்த வேதனையைத் தெளிவாக விவரித்தார். தினமும் அரைமணி நேரம் மரம் அறுக்கிறதை வழக்கமாக்கிக்கொண்ட ஒருவர் ஏறக்குறைய குணமடைந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால் படுத்தே இருப்பது என்ன செய்கிறது? 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதான ஆரோக்கியமுள்ள ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உழைப்பின்போது ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் அவர்களுடைய சக்தி கால்பங்குக்குமேல் குறைந்துபோயிற்று. 30 ஆண்டுகளுக்குப் பின் அதே ஐந்து பேரையும் மறுபடியும் சோதித்தார்கள். அந்த 30 ஆண்டுகள் குறைத்ததைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகமாயிருந்தது! ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, 20 வயதில் படுக்கைக்கு முன்பிருந்த சக்தி 50 வயதில் அவர்களுக்குத் திரும்பியது.

பழக்கப்பட்ட இருதயம் ஒரே துடிப்பில் அதிக இரத்தம் தள்ளுவதால், ஓய்வில் மெதுவாகத் துடிக்கிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு 60 ஆனால், ஒரு நாளில் 14,400 துடிப்பு மிச்சம்.

ஆனாலும் எச்சரிக்கை தேவை. நெஞ்சு இறுக்கமோ, மூச்சுத்திணறலோ, தலைச்சுற்றலோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் விடாத நெஞ்சுவலிக்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மாரடைப்பு வந்தவர்கள் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதை மருத்துவர் சொல்லக் கேட்டே தொடங்க வேண்டும். மெதுவாக ஆரம்பித்து மெதுவாகவே முடியுங்கள். சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். சரியான வேகத்தை அறிய நம் சபையாருக்கு ஓர் எளிய வழி உண்டு: நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் கீர்த்தனை பாட முடியக் கூடாது!

ஆகவே, மருத்துவர் அனுமதித்த பிறகும் அப்பாவைக் கட்டிலோடு கட்டி வைக்காதீர்கள். செம்பை எடுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக, செருப்பை எடுத்து வையுங்கள். கூடவே தெருமுனை வரை நடந்துபோங்கள். அதுவும் அன்புதான்.