ஏரியில் விடப்படாத மீன்கள்

சென்ற திங்கள் ஹெப்பகோடியில் நம்மவர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். தருமபுரிப் பக்கத்தினின்று தொழிற்கூட வேலையை நாடி வந்து குடியேறிய குடும்பம். வேறு வீட்டிற்குக் குடிபோகும் அவசரத்தில் அவர்கள் இருந்தனர். பிள்ளைகள் ஆசையோடு வளர்த்து வந்த கண்ணாடித் தொட்டி மீன்களை என் செய்வது என்ற கேள்வி எழுந்தது. "கொல்வது பாவம், ஏரியில் விட்டால் எங்கேனும் பிழைத்துக் கொள்ளட்டும்" என்றார் வீட்டு அம்மையார். சிறுவன் அப்பொழுதே வாளியைத் தூக்கிவிட்டான். நாம் குறுக்கிட்டுத் தடுக்க நேர்ந்தது. அம்மையாரின் முகம் வாடிற்று. இரக்கத்தால் செய்யும் காரியத்திற்கா தடை என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். அவருக்கு நாம் கூறிய விளக்கத்தையே நேயர்கள் அனைவர்க்கும் ஈண்டு எழுதுகிறோம்.

ஏரி என்பது தனித்துக் கிடக்கும் குட்டையன்று. ஓர் ஏரி நிரம்பினால் கலிங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். இறுதியில் ஆற்றைச் சேரும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நீர் தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருவதை நம்மில் பலர் அறிவர். அங்கே வெண்ணுரை மலைபோல் எழும்பியதைக் கண்டு வருந்தியவர்களும் உளர். கழிவு செல்லும் வழியில் மீனும் செல்லும் என்பதை மறத்தலாகாது.

மழைக்காலத்து முதல் வெள்ளம் நம் நாட்டு மீன்களுக்கு மணநாள் அழைப்பைப் போன்றது. ஆற்றிலும் பெரிய ஏரியிலும் வாழும் வாளை, புதுவெள்ளம் கண்டவுடன் எதிரேறி, கரை கடந்து நீர் பரவிய ஆழமற்ற வெளிகளில் முட்டையிடும். விராலோ கரையோரப் புல்லிடையே இடம் அமைத்து முட்டையிட்டு, செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய்த் திரியும் வரை அவற்றைக் காத்து நிற்கும். வயலிலும் வாய்க்காலிலும் சிறுவர்கள் துண்டால் மீன் அரித்த காலம் நம்மில் மூத்தோர்க்கு நினைவிருக்கும். அம்மீன்கள் அத்தனையும் வெள்ளம் பரவும் தாழ்நிலங்களின் கொடையே. வாய்க்கால் தூர்ந்து, தாழ்நிலம் மனையாகி, அணைகள் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்திவிட்டால், ஆற்றில் நீர் இருந்தும் மீனுக்குத் தொட்டில் இல்லை. ஒரு காலத்தில் எங்கும் மலிந்திருந்த வாளை, இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அழிவிற்கு இலக்காகக் கூடிய இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. நாம் அங்காடியில் விலை பேசி வாங்கும் மீனைப் பற்றித்தான் இவ்வாறு எழுத வேண்டியுள்ளது!

நிற்க. மீன் குறைந்தால் மீனை விட்டு நிரப்பலாமே என்று கேட்பவர் உண்டு. அதற்கு நம் காவிரியே விடை கூறுகிறது. அங்கு வாழும் திமில் மகசீர் எனும் பெருமீன் ஆள் எடைக்கு வளரக் கூடியது. 1946-இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு இருந்தது. இம்மீன் இனம் குன்றுகிறது என்ற கவலையில், 1970-களிலிருந்து மராட்டிய நாட்டு லோணாவ்ளாப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. எண்ணம் நல்லதே, ஆனால் இனம் வேறு. 1998 முதல் 2012 வரை தூண்டில் முகாம்களில் எழுதி வைத்த குறிப்பேடுகளை ஆராய்ந்தபோது, வந்த மீன் பெருகியதும் பிறந்த மண்ணின் மீன் அருகியதும் புலனாயின. திமில் மகசீர் இன்னது என்று அறிவியல் உலகம் உறுதி செய்ததே 2018-இல்தான். முன்பே அமராவதியின் கிளையாகிய பாம்பாற்று மீனுக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் இதற்கும் உரியதெனத் தெளிந்தது. அதே ஆண்டில் அது மிகக் கடும் அழிவுநிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் கிடைத்தபோது மீன் ஏறத்தாழக் கைநழுவிவிட்டது. மணல் வாரியதும், வெடிவைத்து மீன் பிடித்ததும், அணைகளும் இதில் பங்குடையனவே. பழி முழுவதையும் அக்குஞ்சுகள்மேல் சுமத்துதல் முறையன்று.

தொட்டி மீன்களின் கதை இதனினும் மோசம். அந்த வீட்டுத் தொட்டியில் கண்ணாடியை உறிஞ்சி ஒட்டிக்கொண்டிருந்த மீன், தென்னமெரிக்க நாட்டினது. பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று விற்கிறார்கள். ஏரியில் விட்டாலோ கரையைக் குடைந்து குடியேறும், முள்ளும் கடின ஓடுமாக வலையைக் கிழிக்கும், விலைபோகாது. தமிழகம், ஆந்திரம், கேரளம் ஆகிய நாடுகளின் நீர்நிலைகளில் இது பரவி மீனவர்க்குத் தொல்லை தருகிறது. யாரோ சிலர் இரக்கப்பட்டு விட்டதன் பயன்! 1952-இல் உணவிற்கென நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா இன்று இல்லாத குளம் அரிது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

ஹெப்பகோடி ஏரியைச் சீர்ப்படுத்தும் பணி அண்மை ஆண்டுகளில் நடைபெற்று, நீரைத் தூய்மை செய்யும் மிதவைச் செடித் தீவுகளும் அங்கே அமைக்கப்பட்டன. நீர் தெளிந்தால் நாட்டு மீன் நிலைக்க இடம் உண்டு. அங்கே அயல் மீனை விடாதிருத்தலும், சாக்கடையையும் குப்பையையும் வரத்துக் கால்வாயில் சேர்க்காதிருத்தலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மாலும் இயல்வனவே. ஊர்ப்பக்கம் செல்வோர், ஆடிப் பெருக்கு வேளையில் சினை மீன் ஏறும் மடைவாயில் வலை கட்டலாகாது என்று தம் உறவினரிடம் ஒரு சொல் கூறுவாராக.

அம்மையார் யாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இவற்றை என்னதான் செய்வது?" என்றார். மறுநாள் மாலை சிறுவன் வாளியோடு, அவற்றை விற்ற கடைக்கே சென்றான். கடைக்காரர் பணம் தரவில்லையாயினும் மீன்களை ஏற்றுக் கொண்டார்.