5 லட்சம் வோல்ட்டை எப்படித் தொடுறாங்க?

லேப்ல 230 வோல்ட் ஷாக் அடிச்சாலே நாம அலறுவோம். அமெரிக்காவுல 500 கிலோவோல்ட் லைனை, சப்ளை ஆஃப் பண்ணாமலே ஹெலிகாப்டர்ல போய் ரிப்பேர் பண்றாங்க. எப்படி?

கரண்ட் பாயணும்னா பொட்டென்ஷியல் வித்தியாசம் வேணும். பறக்குற ஹெலிகாப்டருக்கு எர்த் தொடர்பு கிடையாது. அதன் பக்கவாட்டு மேடையில உட்கார்ந்திருக்கும் லைன்மேன், முதலில் ஒரு உலோகக் கோலைக் கம்பியிடம் நீட்டுவார். பளிச்சென்று ஆர்க் பாயும். பிறகு கிளாம்ப் மாட்டிட்டா கம்பி, ஹெலிகாப்டர், அவர், எல்லாமே ஒரே பொட்டென்ஷியல். உலோக இழை கலந்த உடுப்பு அவருக்கு ஃபாரடே கூண்டு.

அப்போ ஆபத்து எங்கே? அந்த நிலையில டவரையோ அடுத்த ஃபேஸையோ நெருங்கினா முடிஞ்சது. தலைக்கு மேல ரோட்டர் சுத்துது; ஒரு திடீர் காத்து, ஒரு இன்ஜின் கோளாறு போதும். பைலட் அசையாம நிறுத்துற அந்த இடைவெளிதான் அவருக்கு இன்சுலேஷன்.

ஈக்விபொட்டென்ஷியல் நமக்கு ரெண்டு மார்க் கேள்வி. அவருக்கு உயிர்.